சிவப்பு மையில் ஒன்பது கோடு

அந்தத் தாள் இன்னும் என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், நாலாய் மடித்து. மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரின் ஒரு தாள் அது. பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும், சிறுவயதில் நாங்கள் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட வைத்துக்கொள்வோமே, அது. நீல மையில் முப்பத்துச் சொச்சம் மருத்துவக் கல்லூரிகளின் பெயர்களை என் அக்கா மகள் வரிசையாக எழுதியிருக்கிறாள். மேலிருந்து ஒன்பது பெயர்களின்மேல் சிவப்பு மையில் கோடு. அது நான் அடித்தது. ஒவ்வொரு கோடும் நேராக இருக்கிறது. ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் அக்கா வீட்டுக்கு இரண்டரை ஏக்கர். மஞ்சள், கரும்பு, ஓரத்தில் வாழை. நான் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் குமாஸ்தா. அதனால் குடும்பத்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச மாமா' என்று பட்டம். பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, ஆதாரில் பிறந்த தேதி திருத்தம் எல்லாம் என் தலையில்தான் விடியும். ஆகவே 2025-ல் புள்ளை நீட் எழுதி முடித்ததும், எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிற கவுன்சிலிங் வேலை யாரும் சொல்லாமலே என்னிடம் வந்து சேர்ந்தது. மச்சான் ஒரே வரியில் முடித்துவிட்டார். "மாப்ளே, எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாது. நீங்க எப்பிடிப் பண்ணுனாலுஞ் செரி."

அந்த வருஷம் மே 4-ந் தேதி நடந்த தேர்வை எழுதியவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியல் பகுதி அடித்த அடியில் எங்கள் புள்ளை மையத்தை விட்டு வெளியே வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஜூன் நடுவில் முடிவு வந்தபோது நாட்டிலேயே முதலாவதாக வந்தவருக்கே 720-க்கு 686தான். அதற்கு முந்தைய வருஷமோ 720-க்கு 720 எடுத்தவர்கள் முதலில் 67 பேர் என்று அறிவித்து, வழக்கு மறுதேர்வு எல்லாம் முடிந்து 17 பேராகக் குறைந்த வருஷம். அவ்வளவு மதிப்பெண் கொட்டிக் கிடந்த 2024-ன் கட்-ஆஃப் பட்டியலை, அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க் பட்டியலைத்தான் நான் வாட்ஸப்பில் இறக்கி, பிரிண்ட் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்க்கைப் பார்க்காதே, ரேங்க்கைப் பார் என்று அதே வாட்ஸப்பில் பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, எதற்கும் மார்க்கையும் ஒருக்கா பார்த்துக்கொள்வோம் என்று அதையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு பெரிய எண் நின்றால் மற்ற எண் எதுவும் மண்டையில் ஏறாது. சங்கத்தில் தினமும் பார்க்கிறேன். போன மாசம் மஞ்சள் விற்ற விலையை மனசில் வைத்துக்கொண்டு வரும் விவசாயிக்கு இன்றைய விலைப் பலகை தெரியவே தெரியாது.

மறைமுக ஏலம்

மஞ்சள் ஏலத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் வந்து கையில் எடுத்து, ஒரு விரலியை முறித்து உள்நிறம் பார்த்து, மோந்து, காய்ச்சல் பதம் பார்த்து, ஒரு சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குத் தெரியாது. கூடுதலாக எழுதியவருக்குச் சரக்கு. குறைத்து எழுதினால் கை நழுவும், கூட்டி எழுதினால் கைப்பணம் போகும். வேண்டும் என்ற ஆசை சீட்டில் தெரிந்துவிட்டால் நஷ்டம். இருபத்து நாலு வருஷமாக இந்தச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கும் ஆள் நான்.

விருப்பப் பட்டியலைப் பூர்த்திசெய்ய அன்று சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது என் மனசில் ஓடியது அந்தப் பெட்டிதான். புள்ளை அவளுடைய தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதலில் 1835-லேயே ஆரம்பித்த சென்னை மருத்துவக் கல்லூரி. அப்புறம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, கோவை, சேலம் என்று போகிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 'ஓ.பி. கூட்டம்.' 'ஹாஸ்டல் உள்ளேயே.' 'ரயில் உண்டு.' கோவைக்குப் பக்கத்தில் 'காலேஜ் பீளமேடு, ஆஸ்பத்திரி ஸ்டேஷன் பக்கம், தினம் பஸ்' என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று வருஷம் மூத்த ஒரு பெண்ணைப் பிடித்து மணிக்கணக்கில் பேசிச் சேகரித்திருக்கிறாள்.

"எதுக்கு கண்ணு கோயமுத்தூருக்கு மேல மதுரையப் போட்ட? அவ்வளவு தூரம்?"

"அங்க கேஸ் நெறைய வருமுங்க மாமா. வார்டுக்குப் போறப்ப பாக்கறதுக்கு நோயாளி இருக்கோணுமல்லங்க. கட்டடம் புதுசா இருந்து என்ன பண்றது?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நல்ல பதில் என்று பாராட்டியதும் ஞாபகம் இருக்கிறது. பாராட்டிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து சிவப்பு பேனாவை எடுத்தேன். போன வருஷக் கட்-ஆஃபை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது வராது, இது நமக்கில்லை, இதை எழுதினால் ஒரு இடம் வீண் என்று ஸ்கேலை வைத்தேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், வீண் என்று. எங்கள் ஊர் வாயில் 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வரும். அதையும் சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "தம்பி சொல்றாப்பல செய்யி சாமி" என்றது. புள்ளை ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது கோட்டுக்குப் பிறகு தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மின்விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பத்தாவது கல்லூரியை முதலாவதாக வைத்து, லேப்டாப்பில் ஏற்றி, இரவு பதினொரு மணிக்கு இனி மாற்றமுடியாதபடி பூட்டுப் போட்டேன்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் என் மேல் கோபம் வந்திருக்கும். வரிசை ஒதுக்கீடு என்பது ஏலம் அல்ல. தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற கணக்கு அது. உங்கள் முறை வரும்போது எந்திரம் உங்கள் பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் பெயரில் உங்கள் பிரிவுக்கு இடம் இருக்கிறதா, கொடு. இல்லையா, அடுத்த பெயர். பத்துப் பெயர் தாண்டித்தான் பதினொன்றாவதில் இடம் என்றால், அந்தப் பதினொன்றாவதை உங்களுக்குப் பின்னால் நிற்கிற யாரும் அதற்குள் தட்டிப் பறித்திருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் முறை இன்னும் வரவே இல்லை. கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே இருக்கிற எதுவும் ஒரு அங்குலம்கூட நகராது. இலவசம். கல்யாணப் பந்தியில் இன்னொரு ஜிலேபி வேணுமா என்று கேட்பதைப்போல. இருந்தால் போடுவார்கள், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போவார்கள், உங்கள் இலையில் ஏற்கெனவே இருக்கிற சோற்றை யாரும் வழித்துக்கொண்டு போகமாட்டார்கள். இது எனக்கு அன்று தெரியாதா என்றால், படித்திருந்தேன். வழிகாட்டுக் குறிப்பில் இருந்தது. படித்தது வேறு, கை பழகியது வேறு.

முதல் விருப்பமே கிடைத்தது

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த அன்று வீடே கூடிவிட்டது. முதல் சுற்றிலேயே இடம். அதுவும் முதல் விருப்பம்! மச்சான் பக்கத்துத் தோட்டம்வரை போய் ஒவ்வொருத்தரிடமும், மாப்ளே கணக்குப் போட்டாப்ல தப்பாது, எழுதுன மொதக் காலேஜே கெடச்சிருச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். கோபியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஐந்தரை மணி நேரம் போகவேண்டிய ஊர், அரசுக் கல்லூரி. தூரம்தான், ஆனாலும் மெடிக்கல் சீட். ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. முதல் விருப்பமே கிடைத்துவிட்டதால் இரண்டாம் சுற்றில் மேலே நகர்வதற்கு ஒன்றும் இல்லை. சாமான் வாங்கினோம், பெட்டி கட்டினோம், கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சங்கத்தில் ஏலம் முடிந்து ஆள் இல்லாத நேரம். ஒரு மஞ்சள் விவசாயி விலை பார்த்துக் குவிண்டாலுக்கு இவ்வளவு வந்தால் போதும் என்று முன்பே வெளியே சொல்லிவிட்டிருந்தார். சீட்டைப் பிரித்ததில் அவர் சொன்னதற்கும் மேலே வந்திருந்தது. சந்தோஷமாகப் போவார் என்று பார்த்தால் மனுஷன் மூஞ்சி தொங்கிப்போச்சு. "இன்னுஞ் சேத்திக் கேட்டிருந்தாலுங் குடுத்திருப்பாங்களாட்டங்குது" என்று முனகிக்கொண்டே போனார். மாட்டுச் சந்தையிலும் இதே கதைதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தையில் சொன்ன விலைக்கு வாங்குகிறவன் உடனே தலையாட்டிவிட்டால் விற்றவன் அன்று ராத்திரி தூங்கமாட்டான்.

அப்போதுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ தட்டியது. கேட்ட முதலே உடனே கிடைத்தது என்றால்?

ஒதுக்கீட்டுப் பட்டியல் பொதுவில் இருக்கிற பி.டி.எஃப்.தான். தரவரிசை எண், பிரிவு, கிடைத்த கல்லூரி எல்லாம் வரிசையாக இருக்கும். அன்றைக்கு அதில் எங்கள் புள்ளையின் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடியவன் நான். இப்போது அவள் பெயருக்குக் கீழே இறங்கினேன். ஐந்து வரி, பத்து வரி. எங்கள் அதே பிரிவு. அவளுக்குப் பின்னால் இருந்த ஒருவருக்கு, நான் கோடு போட்ட ஒன்பதில் ஒரு கல்லூரி. இன்னும் கொஞ்சம் கீழே இன்னொருவருக்கு, ஒன்பதில் இன்னொன்று. இரண்டாவது கல்லூரி எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ். எது என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் இப்போது படிக்கிற புள்ளைகள் யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எழுதினார்கள், கிடைத்தது. நான் எழுதவிடவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அதைக் குடிக்காமலே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அறியாமையில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் பார்த்தேன், ஒட்டவில்லை. 1994-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது நுழைவுத் தேர்வு இருந்தது, கட்-ஆஃப் 300-க்கு. மேற்கு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் 1966-ல் வந்த கோவையும் 1986-ல் வந்த சேலமும்தான். பெருந்துறையில் 1992-ல் ஆரம்பித்திருந்த கல்லூரி அன்றைக்குப் போக்குவரத்துத் துறையின் நிறுவனத்திடம் இருந்தது, அரசுக் கல்லூரியானது வெகு பிந்தி. எனக்கு உயிரியலில் நல்ல மார்க். வாத்தியார் வீடு தேடி வந்து விண்ணப்பம் வாங்கச் சொன்னார். அப்பா தென்னை ஓலையைக் கிழித்துக்கொண்டே, "நமக்கு எட்டறதப் பாருங்க சார்" என்றார். அவ்வளவுதான். நான் பி.காம். சேர்ந்தேன். எனக்கு அந்த இடம் கிடைத்திருக்காது என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பமே வாங்காததில் ஒரு வசதி, அந்த நம்பிக்கை பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முப்பது வருஷத்தில் தருமபுரி, கரூர் வந்து, 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் பக்கத்துக்கே நாலு வந்துவிட்டது. கல்லூரி கூடினால் எனக்கென்ன, பேனா அப்பாவிடமிருந்து வந்ததாயிற்றே.

இத்தனைக்கும் மற்ற விஷயங்களில் நாங்கள் ஏமாறவில்லை. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இருபது லட்சத்தையும் தாண்டும் என்று பார்த்து அந்தப் பக்கமே போகவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று வாரம் ஒருத்தர் போன் செய்து கோவையில் ஓட்டலில் கூட்டம், மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கூப்பிட்டார்கள். மச்சான் சாப்பாட்டுக்காக ஒருமுறை போய்விட்டு வந்தார். 54 மாசம் படிப்பு, அங்கேயே ஒரு வருஷம் பயிற்சி, திரும்பி வந்து இங்கே ஒரு தேர்வு என்கிற 2021 விதியைப் பற்றி அவர் கேட்டதும் மைக்கை அடுத்த ஆளிடம் நீட்டினார்களாம். இப்படி ஏமாறாமல் இருப்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. யாரும் நம்மை ஏமாற்றிவிடக்கூடாது என்று எட்டுத் திசையும் பார்த்துக்கொண்டிருந்ததில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவனை யாரும் பார்க்கவில்லை.

பொங்கல் லீவு

இதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மார்கழி முழுக்க எனக்குள் ஓடியது. பொங்கலுக்கு வந்தாள். உடம்பு இளைத்திருந்தது, பேச்சில் வேறு ஊர் இழுப்பு லேசாக ஏறியிருந்தது. அனாடமி கூடத்தின் வாசனை முதல் வாரம் சோறு இறங்கவிடவில்லை என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டுப்பொங்கலன்று பட்டியில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, பட்டியலில் பார்த்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், ஆனாலும் 2024, 2025 என்று மார்க் கணக்கில் ஆரம்பித்துத்தான் வந்து சேர்ந்தேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் காலேஜுங்க ரெண்டும்?" என்றாள். விரலால் காட்டினேன். ஒரே பஸ் ஊர்மேல் விரல் வந்ததும், "ம்" என்றாள். பிறகு, "அதுன்னா அம்மா என்னய வீட்ல இருந்தே போகச் சொல்லியிருக்கும்" என்றாள். அது எனக்குச் சொன்ன ஆறுதலா, அவளுக்கே சொல்லிக்கொண்டதா, வெறும் தகவலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நீயே வெச்சுக்க கண்ணு என்றேன். "எனக்கு எதுக்குங்க மாமா?" என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்தான். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா என்று அவன் அம்மா அனுப்பியிருக்கிறது. எந்தக் காலேஜ் எல்லாம் எழுதலாம் என்று கேட்டான். தேர்வுக்கே இன்னும் மாசங்கள் இருக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். புள்ளை அதற்குள் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து அவனிடம் கொடுத்து, எதையும் பார்க்காமல் எழுதச் சொல்லிவிட்டுத் தலைவார உட்கார்ந்தாள்.

பையன் வெகு நேரம் யோசித்து ஐந்தே ஐந்து எழுதினான். எல்லாமே போன நாலைந்து வருஷத்தில் வந்த புதுக் கல்லூரிகள். வாங்கிப் பார்த்தவள், "பிரைவேட் ஒண்ணுகூடக் காணோம்?" என்றாள்.

"அதுக்கெல்லாம் பணம் எங்கீங்க்கா போறது?"

"ஆறாவதுலிருந்து கவர்மெண்ட் ஸ்கூல்தான நீ? கவர்மெண்ட் ஸ்கூலுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல வந்தீன்னா உனக்குப் பிரைவேட்லயும் பீஸ் கவர்மெண்ட்டே கட்டும். அதையும் எழுது." அப்புறம் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஐந்து பெயரும் தாளின் கீழ்ப்பாதியில், மேல் பாதி காலியாகக் கிடந்தது. தலைப்பு எழுத விட்டிருப்பான் போல. அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மேல இவ்வளவு எடம் வுட்டிருக்கறயே. ரொப்பு மொதல்ல."

பையன் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன்.